ஆஸ்திரேலியா 462 விசா: குலுக்கலுக்கு முன்பிருந்து இரண்டாம் ஆண்டு வரை, படிப்படியாக

"அண்ணா, குலுக்கல்ல பேர் வந்துருச்சு. இன்னும் 19 நாள்தான் இருக்கு. என்ன பண்ணணும்?"

கல்லூரியில் எனக்கு ஜூனியராகப் படித்த தம்பி ஒருவனிடமிருந்து வந்த போன். மெயில் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஊர் முழுக்க சொல்லியாகிவிட்டது, அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் பண்ணியாகிவிட்டது. ஆனால் பான் கார்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர். டிகிரி சான்றிதழ் இன்னும் கல்லூரி அலுவலகத்திலேயே கிடந்தது. கடைசியில் எப்படியோ போட்டுவிட்டான். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

நான் இந்தியர்களுக்கு நடந்த முதல் குலுக்கலில் வந்தவன். இப்போது இரண்டாவது ஆண்டில் இருக்கிறேன். பின்னால் வந்தவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அநேகமாக எல்லோரும் விழுவது வரிசையைத் தப்பாகப் போட்டதால்தான். அதனால் இங்கே செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில், இது உங்களுக்கு உண்டா?

இதன் முழுப்பெயர் வொர்க் அண்ட் ஹாலிடே விசா, சப்கிளாஸ் 462. ஆஸ்திரேலியாவில் 12 மாதம் இருந்து சுற்றிப் பார்க்கலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். இந்தியாவுக்கு ஓர் ஆண்டுக்கு 1,000 இடம். கேட்பவர்கள் அதைவிடப் பல மடங்கு என்பதால் குலுக்கல்.

வயது 18 முதல் 30 வரை. 31ஆவது பிறந்தநாள் வந்துவிட்டால் முடிந்தது. குலுக்கலில் பதியும் நாளை மட்டும் பார்க்காதீர்கள். விசா விண்ணப்பம் போடும் நாள் பல மாதம் தள்ளி வரலாம், கணக்கை அதுவரை நீட்டிப் பாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு படிப்பை முடித்திருக்க வேண்டும். குழந்தையை உடன் அழைத்துவர முடியாது. கணவன் மனைவி இருவரும் வர வேண்டும் என்றால் இருவரும் தனித்தனியாகக் குலுக்கலில் பதிய வேண்டும். ஒருவருக்கு விழுந்து இன்னொருவருக்கு விழாமல் போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே 462 உண்டு, அவர்களுக்குக் குலுக்கல் கிடையாது. இலங்கை பாஸ்போர்ட்டுக்கு இந்த விசா இல்லை. இதற்கு மேல் நான் எழுதுவது இந்தியப் பாஸ்போர்ட்டை மனத்தில் வைத்து.

இன்னொன்று. இது குடியேறும் விசா இல்லை. நம் ஊரில் சில கன்சல்டன்சிக்காரர்கள் "இதுல போயிட்டா பி.ஆர். ஈஸி" என்று விற்கிறார்கள். அந்த நம்பிக்கையில் கடன் வாங்கிக் கிளம்பாதீர்கள்.

2. பெயரைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் 'எஸ். செந்தில்' என்று இருக்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது யாரோ ஒருவர் 'செந்தில் சண்முகம்' என்று விரித்திருப்பார். பான் கார்டில் அது 'சண்முகம் செந்தில்' என்று தலைகீழாக நிற்கும். ஊரில் இருக்கும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். இந்த விண்ணப்பத்தில் கேட்பார்கள்.

அடிப்படை பாஸ்போர்ட்தான். குலுக்கலிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே போக வேண்டும். இந்தியர்களிடம் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கேட்கும் அடையாள அட்டை பான் கார்டு, ஆதார் இல்லை. பழக்க தோஷத்தில் ஆதார் எண்ணைப் போட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். பான் கார்டே எடுக்காத கல்லூரி மாணவர்கள் முதல் வேலையாக அதை எடுங்கள்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடம் காலியாக இருக்கிறதா? விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டம் கட்டாயம், அதைக் காலியாக விட முடியாது. ஒரே பெயர்தான் என்றால் அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, மற்ற பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். புள்ளி, 'இல்லை', அப்பா பெயர் என்று எதையாவது போட்டு நிரப்பாதீர்கள்.

பான் கார்டு பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் இப்போதே திருத்தத்துக்குப் போடுங்கள். அது வாரக்கணக்கில் இழுக்கும், குலுக்கல் விழுந்த பிறகு அதற்கு நேரம் இருக்காது. டிகிரியில் இனிஷியல் மட்டும் இருந்தால் அதைத் திருத்த அலைய வேண்டாம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் எடுத்து வையுங்கள். விசா படிவத்தில் "வேறு பெயரில் அறியப்பட்டிருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டு, சான்றிதழில் உள்ள எழுத்து வடிவத்தையும் குறிப்பிடுங்கள். மறைப்பது போலத் தெரிவதைவிட நாமே சொல்லிவிடுவது நல்லது.

பாஸ்போர்ட் ஓர் ஆண்டுக்குள் காலாவதி ஆகப்போகிறது என்றால் குலுக்கலில் பதிவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். பதிந்த பிறகு எண்ணை மாற்றிக்கொண்டு நிற்பது தேவையில்லாத குழப்பம்.

3. குலுக்கலுக்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டியவை

பெயர் வந்தால் விண்ணப்பிக்க 28 நாள்தான். அதில் ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லாம் அடக்கம். கல்லூரி அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க எத்தனை நாளாகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் கீழே உள்ளதை முன்பே எடுத்து ஸ்கேன் செய்து வையுங்கள். குலுக்கலில் விழாவிட்டால் அடுத்த முறைக்கு ஆகும்.

படிப்பு: டிகிரி அல்லது புரொவிஷனல் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் என்றால் இரண்டு ஆண்டு முடித்ததைக் காட்டும் மதிப்பெண் பட்டியலும், கல்லூரியின் போனஃபைடு கடிதமும்.

ஆங்கிலம்: இங்கே தேவையில்லாமல் செலவு செய்பவர்கள் அதிகம். கேட்பது அடிப்படை ஆங்கிலம் மட்டும். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் சராசரி 4.5 போதும், விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதத்துக்குள் எழுதியிருக்க வேண்டும். ஆனால் குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேரப் பட்டமோ டிப்ளமாவோ முழுக்க ஆங்கில வழியில் படித்து முடித்திருந்தால் தேர்வே வேண்டாம். பயிற்று மொழிச் சான்றிதழ் என்று கல்லூரியில் கேளுங்கள். "மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன் லெட்டர்" என்றால்தான் அங்கே புரியும். பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் கவலையில்லை, பொறியியலோ கலைக்கல்லூரியோ ஆங்கில வழியில் முடித்திருந்தால் அது போதும்.

அந்தக் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கிறதா பாருங்கள்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, முழுநேரப் படிப்பு, எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். பல கல்லூரிகள் வெறுமனே "இவர் ஆங்கில வழியில் பயின்றார்" என்று ஒரு வரியில் முடித்துவிடும். நீங்களே வாசகத்தை எழுதி எடுத்துப் போய்க் கொடுத்தால் அவர்கள் லெட்டர்ஹெட்டில் அடித்துத் தருவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. படிப்பை இன்னும் முடிக்காதவர்களுக்கு இந்த வழி இல்லை. ஆங்கில வழிப் பள்ளிப்படிப்பைக் காட்டுங்கள் அல்லது தேர்வு எழுதுங்கள்.

பணம்: 5,000 ஆஸ்திரேலிய டாலர், அதோடு திரும்பி வரும் டிக்கெட்டுக்கான தொகை. 5,000 டாலர் என்றால் ஏறக்குறைய மூன்று லட்சம் ரூபாய். இது கட்டணம் இல்லை, உங்களிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டிய பணம். உங்கள் பெயரில் உள்ள கணக்கில் இருக்கட்டும். நேற்று வரை நாலாயிரம் ரூபாய் இருந்த கணக்கில் இன்று திடீரென்று மூன்று லட்சம் வந்து நின்றால் பார்ப்பவருக்கு உறுத்தும். அப்பா கொடுத்தார் என்றால் அவர் கணக்கிலிருந்து வந்தது தெரியும்படி வங்கி வழியாகவே போடச் சொல்லுங்கள், அன்பளிப்பு என்று ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். நகையை அடகு வைத்துக் காட்டிவிட்டு விசா வந்ததும் மீட்டுக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை ஊரில் ஓடுகிறது. வேண்டாம். வந்து இறங்கிய முதல் ஆறு வாரம் அந்தப் பணத்தில்தான் சாப்பிடுவீர்கள்.

4. குலுக்கல் பதிவு

பதிவு ஆஸ்திரேலிய உள்துறையின் இம்மி அக்கவுண்ட் என்ற தளத்தில். கணக்கை இப்போதே திறந்து வைக்கலாம். பதிவுக் கட்டணம் 25 டாலர், விழாவிட்டாலும் திரும்பி வராது. 2024இல் முதல் முறை அக்டோபர் 1 முதல் 31 வரை திறந்திருந்தது. ஒவ்வொரு ஆண்டும் அதே தேதியில் திறக்கும் என்று இருந்துவிடாதீர்கள், தளத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒருவருக்கு ஒரு பதிவுதான். முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை என்பதும் இல்லை. கணினி எந்த வரிசையும் பார்க்காமல் எடுக்கிறது, அதனால் நள்ளிரவில் முண்டியடிக்க வேண்டாம். கடைசி நாள் வரை தள்ளவும் வேண்டாம்.

பதிவை நீங்களே செய்யுங்கள், உங்கள் சொந்த மெயில் முகவரியில். பெயர் வந்த செய்தி அந்த மெயிலுக்குத்தான் வரும். ஏஜென்ட்டின் மெயிலைக் கொடுத்துவிட்டு, விழுந்ததா இல்லையா என்று அவரிடமே போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். சில ஏஜென்ட்கள் "எங்க வழியா போட்டா கண்டிப்பா விழும்" என்று ஐம்பதாயிரம், ஒரு லட்சம் கேட்கிறார்கள். குலுக்கலில் யாரும் யாரையும் நுழைக்க முடியாது. யாராவது உதவிக்கு வேண்டும் என்றே நினைத்தால், ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற முகவர்களுக்கு மாரா எண் என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தேர்வு ஒரே நாளில் முடிவதில்லை, பல சுற்றாக நடக்கும். முதல் சுற்றில் வரவில்லை என்றதும் மெயில் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

5. அந்த 28 நாள்

மேலே சொன்னதெல்லாம் கையில் இருந்தால் இது ஒரு மாலை வேலை. என் விஷயத்தில் நான் மாட்டிக்கொண்டது கட்டணம் கட்டும் இடத்தில்தான். 2024-25இல் விசாக் கட்டணம் 650 டாலர், ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று இது ஏறும். கார்டில் கட்டினால் ஒரு சிறு தொகை கூடுதல். இந்திய டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாகவே மூடியிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் உயர்த்திவிட்டு உட்காருங்கள். கடைசி நாள் இரவு கார்டு மூன்று முறை மறுக்கப்பட்டால் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

முதல் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் அது வரும்போதும் நீங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். அண்ணனைப் பார்க்க டூரிஸ்ட் விசாவில் போயிருக்கும் நேரத்தில் அங்கிருந்தபடியே போடலாம் என்று நினைக்காதீர்கள்.

எதற்காகப் போகிறீர்கள் என்று எழுத இடம் வந்தால் உள்ளதை எழுதுங்கள். ஊரைப் பார்ப்பதுதான் இந்த விசாவின் முதல் நோக்கம், வேலை அதற்குத் துணை. ஆறு பக்க ரெஸ்யூமேயை இணைத்துவிட்டு, பார்க்க நினைக்கும் ஓர் ஊரின் பெயரைக்கூடச் சொல்லாமல் விடுவது விசித்திரமாக இருக்கும்.

6. மெடிக்கலும் போலீஸ் சான்றும்

இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களுக்கு உடல் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் உண்டு. காசநோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எக்ஸ்ரே. விண்ணப்பம் போட்டதும் உங்கள் பக்கத்தில் ஹெச்.ஏ.பி. எண் என்று ஒன்று உருவாகும். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஆஸ்திரேலியா அங்கீகரித்த மையத்துக்கு மட்டும்தான் போக வேண்டும், சென்னையில் உண்டு. தெரிந்த டாக்டரிடம் எடுத்த எக்ஸ்ரே செல்லாது.

அசல் பாஸ்போர்ட், கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடி, பழைய நோய் ஏதாவது இருந்தால் அதன் ரிப்போர்ட்கள். சிறு வயதில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் அந்தச் சீட்டுகளைக் கண்டிப்பாக எடுத்துப் போங்கள். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரிந்தால் கூடுதல் சோதனை கேட்பார்கள், அதற்கு நாளாகும். முடிவை மையமே நேராக அனுப்பிவிடும்.

போலீஸ் சான்று கேட்டால் பாஸ்போர்ட் சேவா மையத்தில் பி.சி.சி. எடுக்கலாம், கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் இப்போது இல்லை என்றால் விசாரணை இழுக்கும். வளைகுடாவில் 12 மாதம் இருந்தவர்கள் அந்த நாட்டுச் சான்றும் எடுக்க வேண்டிவரும்.

7. எப்போது விமானம் ஏறுவது

விசா வந்ததும் அடுத்த வாரமே டிக்கெட் போடுவது பெரிய தவறு. விசா கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் நுழைந்தால் போதும். நுழைந்த நாளிலிருந்துதான் அந்த 12 மாதம் ஓடத் தொடங்கும். நடுவில் ஊருக்கு வந்து ஒரு மாதம் இருந்தாலும் கடிகாரம் நிற்காது. ஆகவே எப்போது இறங்குவது என்பது உங்கள் கையில்தான்.

அதைப் பயிர்ப் பருவத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வட பகுதியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், தோட்ட வேலையும் சுற்றுலாவும் மந்தம். குயின்ஸ்லாந்தின் போவன் பக்கம் தக்காளியும் குடைமிளகாயும் மே முதல் நவம்பர் வாக்கில். டார்வின், காத்தரின் பக்கம் மாம்பழம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. விக்டோரியாவின் மில்டுராவில் திராட்சை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. நம் ஊரில் வெயில் உச்சத்துக்குப் போகும் ஏப்ரலில் கிளம்பினால் வடக்கில் வேலை தொடங்கும்போது கையோடு சேர்ந்துகொள்ளலாம். நான் அப்படித்தான் வந்தேன். டிசம்பரில் டார்வினில் இறங்கிய ஒருவன் ஆறு வாரம் ஹாஸ்டல் கட்டிலில் படுத்து மழையை வேடிக்கை பார்த்தான், வாரத்துக்கு இருநூற்றுச் சொச்சம் டாலர் வாடகை கொடுத்து.

8. பெட்டி

இட்லிப்பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாம் எடுத்து வரலாமா என்றால், எதுவாக இருந்தாலும் நுழைவு அட்டையில் உணவு இருக்கிறது என்று 'ஆம்' போடுங்கள். அறிவித்தால் அதிகம் போனால் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். மறைத்தால் அங்கேயே அபராதம். கறிவேப்பிலை, விதைகள், பால் இனிப்புகள் வேண்டாம்.

ஸ்டீல் டோ பூட்ஸ், தொப்பி எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமம் ஸ்மார்ட் கார்டாக, ஆங்கிலத்தில் இருக்கட்டும். கார் ஓட்டத் தெரிந்தவனுக்குத் தோட்டத்தில் வேலை இரண்டு மடங்கு சுலபமாகக் கிடைக்கிறது. மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள், இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் கிடையாது.

9. முதல் இரண்டு வாரம்

வரிசை இது: சிம், வங்கிக் கணக்கு, டி.எஃப்.என்., சூப்பர் கணக்கு (முதலாளி உங்களுக்காகப் பணம் கட்டும் ஓய்வூதியக் கணக்கு). இந்த நான்கும் இல்லாமல் வேலைக்கு அலையாதீர்கள்.

வங்கியில் வந்து ஆறு வாரத்துக்குள் போனால் பாஸ்போர்ட் மட்டும் போதும். தாமதித்தால் கூடுதல் அடையாளச் சான்று கேட்பார்கள், புதிதாக வந்தவரிடம் அது இருக்காது.

டி.எஃப்.என். என்பது வரி எண். வரித்துறை தளத்தில் இலவசம், பணம் கேட்கும் தளம் ஏமாற்று. எண் தபாலில்தான் வரும், 28 நாள் வரை ஆகலாம். இங்கேதான் சிக்கல். சிட்னி ஹாஸ்டல் முகவரியைக் கொடுத்துவிட்டு நான்காம் நாள் போவனுக்குக் கிளம்பிவிடுவார்கள், கடிதம் ஹாஸ்டல் கவுண்டரில் தூசி தின்னும். நிலையாக இருக்கும் ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். தூரத்துச் சொந்தமாக இருந்தாலும் பரவாயில்லை, வெட்கப்படாமல் கேளுங்கள். எண் கொடுக்காவிட்டால் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிப்பார்கள்.

நமக்கான வரி முதல் 45,000 டாலர் வரை 15 சதவீதம், முதல் டாலரிலிருந்தே. முதலாளி இந்த விசாக்காரர்களை வைத்துக்கொள்ள வரித்துறையில் பதிவு செய்யாதவர் என்றால் 30 சதவீதம் பிடிப்பார். முதல் பே ஸ்லிப்பிலேயே இதைப் பாருங்கள்.

"டி.எஃப்.என். எதுக்கு, ஏ.பி.என். எடுத்துட்டு வா" என்று யாராவது சொன்னால் கவனம். ஏ.பி.என். சொந்தத் தொழில் செய்பவருக்கான எண். அதை வைத்து வேலை வாங்கினால் உங்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் கிடையாது, சூப்பரும் கிடையாது.

10. இரண்டாம் ஆண்டுக்கான வேலை: எது கணக்கில் வரும்

முதல் விசாவில் குறிப்பிட்ட வேலையை மூன்று மாதம் செய்தால் இரண்டாவது விசா. அந்த இரண்டாவதில் ஆறு மாதம் செய்தால் மூன்றாவது. இரண்டுக்கும் குலுக்கல் கிடையாது. 1,000 பேரில் ஒருவராக வந்தவர் மூன்று ஆண்டு வரை இருக்கலாம் என்பதால், இந்த மூன்று மாதத்தைப்போல மதிப்புள்ள வேலை வேறில்லை.

ஆனால் பெரும்பாலானவர்கள் தவறான பட்டியலைப் பார்க்கிறார்கள். பிரிட்டன், ஜப்பான் போன்ற நாட்டவருக்கு 417 என்று இன்னொரு விசா. அதன் பட்டியலும் நம் 462 பட்டியலும் ஒன்றல்ல. சுரங்க வேலை 417க்குச் செல்லும், நமக்குச் செல்லாது. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் ஐரோப்பியன் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போய், நான்கு மாதம் உழைத்துவிட்டு, ஒரு நாள்கூடக் கணக்கில் வராமல் நின்ற மதுரைப் பையனை எனக்குத் தெரியும்.

நமக்கு வருபவை: தோட்டம், கால்நடை வேலை, வட ஆஸ்திரேலியாவிலும் குறிப்பிட்ட பிராந்தியப் பகுதிகளிலும். கட்டுமானமும் அதேபோல. ஓட்டல், சுற்றுலா வேலை, வடக்கிலும் தொலைவான, மிகத் தொலைவான பகுதிகளிலும் மட்டும். மீன்பிடி, முத்தெடுப்பு, மரம் வளர்ப்பு, மரம் வெட்டு வடக்கில் மட்டும். காட்டுத்தீ, வெள்ளம் பாதித்த இடங்களில் சீரமைப்பு வேலையும் உண்டு. வடக்கு என்றால் நார்தர்ன் டெரிட்டரி முழுவதும், குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியாவில் மகர ரேகைக்கு மேலே உள்ள பகுதியும்.

ஆக, கெய்ன்ஸ் நகரில் காபிக் கடையில் தட்டு கழுவினால் கணக்கில் வரும். அதே தட்டை சிட்னியில் கழுவினால் வராது. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் வேலை நடக்கும் இடத்தின் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு, உள்துறைத் தளத்தில் 462 பட்டியலோடு ஒப்பிடுங்கள். அலுவலகம் இருக்கும் இடத்தின் குறியீடு வேண்டாம், தோட்டம் இருக்கும் இடத்தின் குறியீடு.

இந்த வேலையை முதல் ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். "கடைசியில பாத்துக்கலாம்" என்றவர்கள் பருவம் முடிந்து, மழை வந்து, நாற்பது நாளோடு ஊர் திரும்பினார்கள்.

போவனில் காலை நாலே முக்காலுக்கு வேன் வரும். தக்காளி பறிக்கும் முதல் நாள் கையெல்லாம் கருப்பச்சைக் கறை, சோப்புக்கு அசையாது. பக்கத்து வரிசையில் இருந்த ஒரு அக்கா ஒரு காய்த் தக்காளியை நசுக்கிக் கையில் தேய்க்கச் சொன்னார். அப்படியே வழிந்து போனது. முதல் வாரம் இடுப்பு ஒடியும், இரண்டாம் வாரம் பழகிவிடும். முடியவே இல்லை என்றால் பேக்கிங் ஷெட் கேளுங்கள், அதுவும் கணக்கில் வரும்.

11. நாள் கணக்கும் தாள்களும்

மூன்று மாதம் என்றால் குறைந்தது 88 நாள். அந்தத் துறையில் வழக்கமான முழுநேர வாரம் வேலை செய்தால் சனி, ஞாயிறும் சேர்ந்து எண்ணப்படும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் வேலை செய்த நாள் மட்டும்தான். ஒரே நாளில் 14 மணி நேரம் உழைத்தாலும் அது ஒரு நாள்தான். ஒரே முதலாளியிடம் தொடர்ந்து செய்ய வேண்டும் என்பதில்லை, துண்டு துண்டாகச் சேர்க்கலாம். சாப்பாடும் தங்க இடமும் மட்டும் தந்து கூலி தராத வேலை கணக்கில் வராது.

நூறு நாள் தாண்டும்வரை நிறுத்தாதீர்கள். ஓரிரு நாள் மறுக்கப்பட்டாலும் தாங்கும்.

நீங்கள் வேலை செய்ததை முதலாளி உறுதிசெய்யும் தாள் படிவம் 1464. அதில் வேலை விடும் அன்றே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 417காரர்களின் படிவம் வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். பே ஸ்லிப் ஒவ்வொன்றும், அதே தொகை வங்கியில் விழுந்த அறிக்கையும் வேண்டும். ரொக்கக் கூலி என்றால் உங்களிடம் சான்றே இல்லை. நான் ஒரு நோட்டில் தேதி, தோட்டம், மணி நேரம் எழுதிவந்தேன். பே ஸ்லிப்பில் ஒரு வாரம் விடுபட்டபோது அந்த நோட்டைக் காட்டித்தான் திருத்த வைத்தேன்.

12. கூலியும் கான்ட்ராக்டரும்

2025 ஜூலை 1 முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர், கேஷுவல் (நிரந்தரமில்லாத வேலை) என்றால் அதற்கு மேல் 25 சதவீதம். கூடைக் கணக்கில் கூலி தரும் தோட்டத்திலும் 2022 ஏப்ரல் முதல் மணிக்கணக்குக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. "நீ ஸ்லோ, அதான் கம்மி" என்றால் அது சட்டப்படி செல்லாது.

என்னை முதலில் எடுத்த கான்ட்ராக்டர் நம் மொழி பேசுபவர்தான். "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டு, வேனுக்கு, அறைக்கு, ஏதோ 'டெபாசிட்'டுக்கு என்று வாரச் சம்பளத்தில் பாதியைப் பிடித்தார். இரண்டு வாரம் கூச்சத்தில் பேசாமல் இருந்தேன். மொழி ஒன்று என்பதால் தாளைக் கேட்க வெட்கப்படாதீர்கள். சம்பளம் போட்ட ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் தர வேண்டும் என்பது சட்டம்.

ஏமாற்றப்பட்டால், கூலிப் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்திடம் போகலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்பு எண்ணில் தமிழ் என்று கேட்டால் தமிழ் பேசுபவரை இணைத்துத் தருவார்கள்.

13. மறக்கக் கூடாத இரண்டு விதி

ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. தோட்ட வேலை, வடக்கின் சில துறைகள், முதியோர் பராமரிப்பு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் உங்கள் வேலை அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். படிப்பு நான்கு மாதம் வரை மட்டும். உங்கள் விசாவின் நிபந்தனைகள் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்காது. வீவோ என்ற தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு எடுத்து, போனில் சேமித்து வையுங்கள். முதலாளிகளும் அதைத்தான் கேட்பார்கள்.

14. இரண்டாம் விசா, அப்புறம் கிளம்பும்போது

இரண்டாவதுக்கு ஆஸ்திரேலியாவுக்குள் இருந்தபடியே போடலாம். முதல் விசா முடிய ஒரு மாதம் இருக்கும்போதே போடுங்கள். அந்த நேரத்திலும் 31 வயது ஆகியிருக்கக் கூடாது. 30இல் வந்தவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டைவிடுகிறார்கள். 88 நாளை எப்போதோ முடித்துவிட்டு, விசா முடியட்டும் என்று காத்திருப்பார்கள், அதற்குள் பிறந்தநாள் வந்துவிடும்.

ஒரேயடியாக ஊர் திரும்பும்போது சூப்பர் பணத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சம்பளத்துக்கு மேல் முதலாளி கட்டும் 12 சதவீதம் அது. நம் விசாவுக்கு அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும், மீதிதான் கைக்கு வரும். கொஞ்சம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆண்டு முழுக்க உழைத்தவருக்கு அது சென்னைக்குத் திரும்பும் டிக்கெட் காசு. விண்ணப்பத்துக்குத் தேவையான கணக்கு எண், உறுப்பினர் எண், ஆஸ்திரேலிய போன் எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் சிம்மை வீசி எறிவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.